ராஜாவின் காலைத் தாங்கியவன்

என் புருஷன் மெய்லிர் இருபத்திரண்டு வருடம் ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். சலுகைக்காகக் காலைப் பிடிக்கிறவர்களைச் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அதுதான் அவன் உத்தியோகம். விருந்துக்கு ராஜா நாற்காலியில் உட்கார்ந்ததும் மெய்லிர் தரையில் உட்கார்ந்து அவர் கால் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அவர் எழுந்து படுக்கை அறைக்குப் போகும்வரை இறக்கமாட்டான். அரித்தால் சொறிந்துவிடுவான். ராஜாவின் தட்டிலிருந்தே அவனுக்கும் சாப்பாடு. முதுகை அடுப்புக்குக் காட்டித்தான் உட்காரவேண்டும் என்பது முறை, அதனால் அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் முதுகுப் பக்கம் கருகியிருக்கும்.

மலைக்கு இந்தப் பக்கம் எல்லா ராஜா வீட்டிலும் இப்படி ஒருவன் உண்டு. கிழக்கே இருக்கிற சாக்சன்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் எங்களுக்கு வேல்ஸ்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பாஷையில் அதற்கு அந்நியன் என்று அர்த்தம். எங்கள் மண்ணில் வந்து குடியேறிக்கொண்டு எங்களையே அந்நியன் என்கிறவர்களின் சிரிப்புக்கு என்ன மரியாதை.

நான் அந்த வீட்டுச் சலவைக்காரி. பெயர் ஹுனித். எல்கன் ராஜாவைப் பற்றித் துறவிகள் தங்கள் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்களாம். எந்த வருடம் பட்டத்துக்கு வந்தார், எந்த வருடம் இறங்கினார் என்று. எப்படி இறங்கினார் என்று எழுதவில்லை. மெய்லிரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மையும் தோலும் விலை அதிகம் என்கிறார்கள். எனக்கு இரண்டும் தேவையில்லை, வாய் இருக்கிறது.

மெய்லிர் மேய்ச்சல் காட்டிலிருந்து வந்தவன். குளிர்காலத்தில் ஆடு ஈனும்போது குட்டி சிக்கிக்கொண்டால் அவன் கையைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அந்தக் கை எப்போதும் சூடாக இருக்கும். எல்கன் பட்டத்துக்கு வந்த வருடம், பழைய ராஜாவின் காலைத் தாங்கியவருக்குக் கை பனிக்கட்டி மாதிரி இருக்கிறது என்று சொல்லி வேறு ஆளைத் தேடினார்கள். சமையல்காரர் இவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்கன் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவனே இருக்கட்டும்" என்றாராம். அவ்வளவுதான் தேர்வு. அப்போது மெய்லிருக்குப் பதினெட்டு வயது, ராஜாவுக்கு இருபத்தெட்டு.

ஒரு நாட்டை ஆளுகிறவரின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். முகம் பழகிவிடும், பொய் சொல்லும். கால் பொய் சொல்லாது என்பான் மெய்லிர். தூதர்கள் வந்து நயமாகப் பேசும்போது ராஜா முகத்தில் சிரிப்பு இருக்கும், குதிகால் மட்டும் இவன் தொடையில் அழுந்தும். சண்டைக்குப் போகிற வாரம் விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். ராணி பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோன வருடம், கோடை முழுவதும் அந்தக் கால்கள் சில்லிட்டே கிடந்தன. கூடத்தில் பாட்டுக்காரர் பாடுவார், ராஜா தலையாட்டுவார், பரிசு கொடுப்பார். மெய்லிர் கீழே உட்கார்ந்து அந்தக் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பான், சூடே ஏறாது. ராஜா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இவனும் கேட்டதில்லை. அவர் மறு கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

பதினேழாவது வருடம் ஆற்றுத் துறையில் சாக்சன்காரர்களோடு சண்டை. நம்மவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் ஒரு ஈட்டி ராஜாவின் இடது பாதத்தில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. வைத்தியர் கட்டுப் போட்டார், இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது என்று கையைக் கழுவிக்கொண்டார். குளிர்காலத்தில் புண் திரும்பத் திறந்துகொண்டது. ராஜா இந்த முறை வைத்தியரைக் கூப்பிடவில்லை.

காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பில் குறை உள்ளவன் ராஜாவாக இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இறங்கிவிட்டால் என்ன, காலை நீட்டிக்கொண்டு உட்காரலாமே என்று நினைக்கவேண்டாம். இறங்கிய ராஜாவுக்கு எங்கள் நாட்டில் கண் இருக்காது. அடுத்து வருகிறவன் முதல் வேலையாக இரும்பைக் காய்ச்சி வைப்பான். குருடன் திரும்பி வந்து நாற்காலி கேட்கமாட்டான் அல்லவா. எல்கனுக்கு அடுத்து வரக் காத்திருந்தவன் அவர் தம்பி மகன் ரூன். நல்ல வீரன், நல்ல அழகன், பொறுமை மட்டும் கிடையாது.

ஆகவே அந்தப் புண்ணை ராஜாவும் மெய்லிரும் மறைத்தார்கள். மறைப்பதற்கு மெய்லிரின் உத்தியோகமே தோதாக இருந்தது. எல்லாரும் வருவதற்கு முன்பே ராஜா கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார், எல்லாரும் போன பிறகு எழுவார். நடுவில் கால் மெய்லிரின் மடியில், போர்வைக்கு அடியில். வெளியே போனால் குதிரை. நாலு எட்டு நடந்தே தீரவேண்டும் என்றால் மெய்லிர் தோளில் சும்மா கை போட்டுக்கொண்டு நடப்பது போல நடப்பார். "என்ன ராஜா, காலைத் தாங்குகிறவன்மேல் இவ்வளவு பாசமா" என்று பிரபுக்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவார்.

ஒரு வீட்டு ரகசியம் சலவைக்காரிக்குத் தெரியாமல் போகாது. ஒரு நாள் மெய்லிர் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு ஓடைக்கு வந்தான். பார்த்தால் நீளநீளமான கட்டுத்துணிகள், மஞ்சளும் சிவப்புமாய் நாறிக்கொண்டு.

"இது யாரோடது?" என்றேன்.

"என்னோடது."

"எங்க, காலைக் காட்டு பாப்போம்."

அவன் காட்டவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து. ஹுனித், உன் வாயை நம்பி ஒருத்தரோட ரெண்டு கண்ணு இருக்கு."

"என் வாய் பெரிசுதான். ஆனா அது என்னோட வாய். நான் சொன்னாத்தான் திறக்கும்."

அதற்குப் பிறகு அவன் வாரத்துக்கு இரண்டு முறை வருவான். சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, அடித்து, அலசி, யாரும் பார்க்காமல் ரொட்டி அடுப்புக்குப் பின்னால் கட்டியிருக்கும் கொடியில் உலர்த்தித் தருவேன். துணி ஊறுகிற நேரத்தில் பேசிக்கொண்டிருப்போம். நான் பேசுவேன், அவன் கேட்பான். தண்ணீரில் கிடந்து என் கை வெடித்து ரத்தம் வரும். ஒரு நாள் கேட்காமல் கொள்ளாமல் என் கையை எடுத்து அவன் கைக்குள் வைத்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. அடுத்த அறுவடைக்குள் கல்யாணம் ஆகிவிட்டது. "ராஜா காலைப் பிடிச்சவன் இனிமே உன் காலைப் பிடிப்பான்" என்று ரொட்டிக்காரன் கிண்டல் செய்தான். "உனக்கு என்னய்யா வயித்தெரிச்சல், உன் கையை உன் பொண்டாட்டிகூடத் தொடமாட்டேங்கிறாளாமே" என்றேன்.

இப்படி ஐந்து வருடம் ஓடியது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். ராஜா வீட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் அடைக்கலம் கொடுக்கிற உரிமை உண்டு. துரத்தப்படுகிற ஒருவன் வந்து கேட்டால் எங்கள் எல்லைக்குள் அவனை யாரும் தொடக்கூடாது, அவனைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற வரைக்கும் நாங்கள்தான் பொறுப்பு. ரொட்டிக்காரனுக்கு எல்லை, அவன் கரண்டியை எறிகிற தூரம். எனக்கு, துவைக்கிற கட்டையை எறிகிற தூரம். ஒரு முறை குதிரைக்காரன் ஒருவன் அடி தாங்காமல் என்னிடம் ஓடிவந்தான். நான் எறிந்த கட்டை ஓடைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது, அவன் தப்பித்துவிட்டான். மெய்லிருக்கு எல்லை தூரம் இல்லை, நேரம். ராஜாவின் கால் அவன் மடியில் இருக்கிறவரைக்கும். அவனிடம் ஒரு ஆள் வந்ததில்லை. துரத்தப்படுகிறவன் ராஜாவின் காலடிக்கே ஓடுவானா என்ன.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். சொல்லாமல் விட முடியாது.

அந்த வருடம் எங்கள் ஊர்ப் புனிதரின் திருநாளுக்கு முன் பத்து நாள் மழை. ரொட்டி அடுப்புக்குப் பின்னால் எல்லாம் ஈரம். துணி காயவே இல்லை, ஈரத்துணியையே சுற்றிச் சுற்றி ராஜாவின் புண் மோசமாகிவிட்டது. திருநாள் காலையில் வெயில் அடித்தது. எங்கள் ஊரில் வெயிலைப் பார்த்தால் சலவைக்காரிக்குப் புத்தி பேதலித்துவிடும். கூடை கூடையாகத் துணியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியில் விரித்தேன். அந்த வேகத்தில் பன்னிரண்டு கட்டுத்துணிகளையும் மஞ்சள் பூத்த முள்வேலியில் வரிசையாக விரித்துவிட்டேன். எவ்வளவு அடித்தும் போகாத கறையோடு. அந்த வழியாகத்தான் ரூன் வேட்டை முடிந்து குதிரையில் வந்தான். நான் திரும்பிப் பார்த்தபோது பதினொன்றுதான் இருந்தது.

மெய்லிரிடம் சொல்ல ஓடினேன். உச்சி வேளை விருந்து ஆரம்பித்துவிட்டது, அவன் கூடத்தில் மடியில் காலோடு உட்கார்ந்திருந்தான். சுட்ட சால்மன் மீனும் வெண்ணெயும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன், அதற்கு மேல் போக எனக்கு உரிமை இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். அதற்குள் ரூன் எழுந்துவிட்டான், கையில் அந்தத் துணி.

"பெரியப்பா, இது யாரோட கட்டுத்துணி?"

ராஜா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"யார்யாரோ எதையோ சொல்றாங்க" என்றான் ரூன். "எனக்கு ஒண்ணும் கெட்ட எண்ணம் இல்ல. எந்திரிச்சு அடுப்பைச் சுத்தி மூணு தடவை நடங்க. நடந்துட்டீங்கன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அவன் ஆட்கள் ஆறு பேர் சுவரோரமாக நகர்ந்து வந்து நின்றார்கள். ஒருவன் அடுப்பில் எதையோ சொருகினான். இரும்புதான்.

ராஜா பொய் சொல்லவில்லை. "நடக்க முடியாதுப்பா" என்றார், சாப்பாடு போதும் என்று சொல்கிற மாதிரி. ஆறு பேரும் ஓரடி முன்னால் வைத்தார்கள்.

"நில்லுங்க."

யார் பேசியது என்று எல்லாரும் தேடினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கூடத்தில் மெய்லிரின் குரலை யாரும் கேட்டதில்லை.

"காலு இன்னும் என் மடியிலதான் இருக்கு" என்றான் அவன். "கேட்டா நான் அடைக்கலம் கொடுக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். ரூனும் சிரித்தான். "ராஜாவுக்கே நீ அடைக்கலமா? அடுப்புச் சூடு மண்டைக்கு ஏறிடுச்சாடா?"

அரண்மனை நீதிபதி அரைத் தூக்கத்தில் இருந்தார். அவரை உலுக்கி எழுப்பிக் கேட்டார்கள். அவருக்குச் சட்டம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கண்ணைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். "கேக்கக்கூடாதுன்னும் சட்டத்துல இல்ல. ராஜா எந்திரிச்சுப் போறவரைக்கும் அடைக்கலம் உண்டு. இவரால எந்திரிக்க முடியாது. அதனால காலு மடியை விட்டு இறங்கறவரைக்கும்னு வெச்சுக்கலாம். ஆனா வாய் திறந்து கேக்கணும். அதுதான் முறை."

எல்லாரும் ராஜாவைப் பார்த்தார்கள். பிரபுக்கள் எல்லாரும் இருக்கிற சபையில், மலையும் கடலும் தனது என்று சொன்னவர், கீழே கருகிய சட்டையோடு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் செத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"மெய்லிர்," என்றார். "எனக்கு அடைக்கலம் கொடு."

"கொடுத்தேன் ராஜா."

ரூன் முட்டாள் இல்லை. முதல் நாளே சபை நடுவில் ஒரு ஊழியனின் அடைக்கலத்தை முறித்தால் நாளைக்கு எந்தப் பிரபுவும் அவனை நம்பமாட்டான். உட்கார்ந்துவிட்டான். "சரி, எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ" என்றான். "கையை எடுத்த நிமிஷம் அவரு என் ஆளு. நாற்காலி இங்கயே இருக்கட்டும், அது ராஜாவோடது."

ஆறு மைல் தள்ளிக் கடலோரத்தில் துறவிமடம். அதன் எல்லைச் சிலுவைக் கல்லைத் தாண்டிவிட்டால் எவனும் உள்ளே வர முடியாது. நான் ஈரத்துணி இழுக்கிற சறுக்குவண்டியை, சக்கரம் இல்லாமல் குதிரைக்குப் பின்னால் இழுபடுகிற அந்தப் பலகையை, வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். ரொட்டிக்காரனும் வாயில்காவலனும் ராஜாவைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மெய்லிர் மடியில் காலோடு, உட்கார்ந்தபடியே பின்பக்கமாகத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூடம் முழுக்க நகர்ந்து வந்தான். சிலர் சிரித்தார்கள். வாசல் படியில் அவன் இடுப்பு இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கை அசையவில்லை.

எங்களுக்குப் பின்னால் இரண்டு குதிரை. ஒருவன் யெஸ்டின், ராஜாவின் பழைய படைவீரன். இன்னொருவன் ரூனோடு வளர்ந்தவன், அவன் இடுப்பில் இரும்பைச் சொருகியிருந்தான். நெருப்பு மூட்ட எங்கேயும் சுள்ளி கிடைக்கும்.

நான் குதிரையைப் பிடித்து நடந்தேன். ஒரு மைல் போனதும் மழை திரும்ப வந்தது.

"மெய்லிர் அண்ணே, கை கடுக்கலையா?" என்றான் யெஸ்டின். "மூக்கு அரிச்சா என்ன பண்ணுவீங்க?"

"நீ சொல்லித்தான்டா இப்ப அரிக்குது" என்றான் மெய்லிர். ராஜா எட்டி, தன் கைக் கட்டைவிரலால் அவன் மூக்கைத் தேய்த்துவிட்டார். யெஸ்டின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

இனியும் அடக்க முடியவில்லை. "ராஜா, வேலியில துணி விரிச்சது நான்தான்" என்றேன், திரும்பிப் பார்க்காமல். "என்னாலதான் இவ்வளவும்."

"பத்து நாள் மழை" என்றார். "வேற எங்கம்மா காயப்போடுவ?"

அதற்குப் பிறகு நான் அழுதுகொண்டே நடந்தேன். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

நாலாவது மைலில் ஓடை பெருகியிருந்தது. குதிரை பாதி வரை போய் நின்றுவிட்டது. வண்டியின் ஒரு சட்டம் கல்லில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் மெய்லிரின் இடுப்பைத் தொட்டது, மடியில் இருந்த காலைத் தொட்டது. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. இன்னொரு ஆள் கை கொடுத்தால் நகரும். மெய்லிருக்குக் கை இருந்தது, கொடுக்க முடியாது. ராஜா ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே வந்தார். இரும்புக்காரன் குதிரையைக் கிட்டே கொண்டுவந்து குனிந்து மெய்லிரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விட்டுடாதய்யா" என்று கத்தினேன். "முழுகினாலும் விட்டுடாத."

"நீ வண்டியைப் பாரு" என்றான் அவன். பல் கிட்டித்துப் போயிருந்தது.

அப்போது யெஸ்டின் குதிரையிலிருந்து குதித்தான். தண்ணீரில் இறங்கி வந்து தோளைக் கொடுத்து நெம்பினான்.

"டேய், என்னடா பண்றே?" என்றான் மற்றவன்.

"வண்டியைத் தள்ளக்கூடாதுன்னு ராஜா சொல்லலையே."

"எந்த ராஜா?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே யெஸ்டின் இன்னொரு தள்ளு தள்ளினான். வண்டி கரையேறியது. அவன் யார் முகத்தையும் பார்க்காமல் போய்த் தன் குதிரையில் ஏறிக்கொண்டான்.

கடல் தெரிந்தபோது பொழுது இறங்கியிருந்தது. சிலுவைக் கல்லைத் தாண்டி இருபது அடி போன பிறகுதான் குதிரையை நிறுத்தினேன், எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. பின்னால் வந்தவர்கள் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மடத்துத் தலைவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கதையைக் கேட்டார்.

"இனி யாரும் தொட முடியாது" என்றார். "விட்டுடுப்பா, காலை விட்டுடு."

மெய்லிர் விடவில்லை. "அவர் சொல்லலையே" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், வந்து சேந்தாச்சுய்யா. உனக்கென்ன பைத்தியமா? கையை எடு."

அவன் என்னைப் பார்க்கவில்லை, ராஜாவைத்தான் பார்த்தான். ராஜா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிட்டால் அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. ராஜாவாக இருக்கிற கடைசி நிமிஷத்தை அவரிடமிருந்து பிடுங்க மெய்லிருக்கு மனசு வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"மெய்லிர்."

"ராஜா."

"உன் காலு எப்படி இருக்கு?"

மெய்லிருக்குக் கேள்வியே புரியவில்லை. "வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கு ராஜா, தண்ணி பட்டதால..."

"என் கால் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். உன்னோடதைக் கேட்டேன்."

"நல்லா இருக்கு ராஜா."

"எங்க, எந்திரி பாப்போம்."

எல்கன் ராஜா போட்ட கடைசிக் கட்டளை அதுதான். மெய்லிர் என் சால்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் அந்தப் பாதத்தை மெல்ல வைத்தான். கையை எடுத்தான். பலகையைப் பிடித்து எழப் பார்த்தான், அப்படியே சரிந்து விழுந்தான். அரை நாள் மடியில் கிடந்த ராஜாவின் காலும் குளிர்ந்த தண்ணீரும் அவன் இரண்டு காலையும் மரக்கட்டை ஆக்கியிருந்தன. தூக்கிவிட நான் போவதற்குள் எல்கன் குனிந்து அவன் கால்களை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"வேணாம் ராஜா, வேணாம்."

"ராஜா அங்க கூடத்துல உக்காந்து மீன் தின்னுக்கிட்டிருக்கான். நான் எல்கன். சும்மா இரு."

ஈட்டி பிடித்துப் பழகிய கை. தேய்க்கவே தெரியவில்லை, மாவு பிசைகிற மாதிரிப் போட்டு அழுத்தினார். மரத்துப்போன காலில் ரத்தம் ஏறும்போது எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா. மெய்லிர் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

இல்லை என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன். அவன் இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதருக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் யோசித்தான். தன் வலியை எனக்குக்கூடச் சொன்னதில்லை. அவன் முகம் குழந்தை முகம் மாதிரி கோணிக்கொண்டது.

"வலிக்குது" என்றான்.

"எங்க?"

"எல்லா இடமும்."

எல்கன் தலையாட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தார்.